முப்பது வருஷ அனுபவமும் மூணு வாய்தாவும்

ஓசூர்ல மனை வாங்கின எல்லாருக்கும் ஒரு வக்கீலைத் தெரிஞ்சிருக்கும். "சிவில்ல முப்பது வருஷ அனுபவம்ங்க, அவர்கிட்ட போனா போதும்"னு பத்திர ஆபீஸ் வாசல்ல யாராவது கைகாட்டி விட்டிருப்பாங்க. இந்த முப்பது வருஷத்தைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் உரிச்சுப் பார்க்கப் போறேன். வக்கீல் பதிவர்கள் பின்னூட்டத்துல கும்ம வர்றதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சிடுங்க சாமி.

சிப்காட்டும், லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு கம்பெனிகளும் வந்த பிறகு இங்கே ராகிக்காடெல்லாம் மனையாச்சு. பெங்களூர்க்காரங்க அத்திப்பள்ளி தாண்டி வந்து வாங்க ஆரம்பிச்சதும் சென்ட் விலை எகிறுச்சு. விலை ஏறினா வழக்கு ஏறும். அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டு வித்த பூர்வீகச் சொத்து, தங்கச்சிங்க வந்து நிப்பாங்க. ஒரே மனையை ரெண்டு பேருக்கு வித்திருப்பாங்க. ராத்திரியில கல்லு நகரும். ஒரு பத்திரத்துல முனியப்பா, அடுத்ததுல முனியப்பன், ரெண்டும் ஒரே ஆளான்னு கோர்ட்டுல நிரூபிக்கணும்.

என்கூட ஷிப்ட் பார்த்த ஒருத்தர் கதை இது. 1200 சதுர அடி மனை, அன்றைய மதிப்பு 12 லட்சம். பக்கத்து மனைக்காரர் திடீர்னு வந்து "இது என் பாட்டன் சொத்து"ன்னு கம்பி வேலி போட வந்துட்டார். நண்பர் போனது அந்த முப்பது வருஷ அனுபவத்துகிட்ட. வக்கீல் போட்டது வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்கு. அதாவது "அவரை உள்ளே வராம தடுங்க" என்பது மட்டும். "இந்த மனை எனக்குச் சொந்தம்னு விளம்புங்க"ன்னு கேட்கவே இல்லை.

ஏன் கேட்கலை? கோர்ட் பீஸ். விளம்புகையோட சேர்த்து உறுத்துக்கட்டளை கேட்டா தமிழ்நாட்டுச் சட்டப்படி சந்தை மதிப்புல பாதிக்கு பீஸ் கட்டணும். அப்போ ஏழரை சதவீதம், ஆக 45,000 ரூபாய். வெறும் உறுத்துக்கட்டளைன்னா வாதி தானே ஒரு மதிப்பு போட்டுக்கலாம், சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும். "எதுக்குப்பா தண்டமா 45,000"ன்னு வக்கீல் சொன்னப்ப நம்மாளுக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு, என்ன ஒரு நல்ல மனுஷன்னு! (2017-ல பீஸை 3 சதவீதமா குறைச்சாங்க. இன்னைக்கு அதே 12 லட்சம் மனைக்கு 18,000 தான்.)

வழக்கு போட்டது 2011. தள்ளுபடி ஆனது 2022. காரணம் என்ன தெரியுமா? எதிராளி பதிலுரையில மனை உன்னுதே இல்லைன்னு மறுத்துட்டார், உரிமையே தகராறுல இருக்கும்போது விளம்புகை கேட்காம உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டது செல்லாது. இதைச் சுப்ரீம் கோர்ட் அனதுல சுதாகர் வழக்குல தெளிவாச் சொன்னது 2008-ல. அதுவும் வாரங்கல் பக்கம் ஒரு காலிமனைத் தகராறுதான்! காலிமனையில குடியிருந்து சுவாதீனத்தைக் காட்ட முடியாது, அதனால உரிமையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்னு அதுலயே இருக்கு. மூணு வருஷம் முன்னாடி வந்த தீர்ப்பைப் படிக்காம முப்பது வருஷ அனுபவம் என்ன பண்ணிக்கிட்டிருந்தது?

சரி, பிராதுல விட்டுட்டார். பதிலுரை வந்ததும் திருத்த மனு போட்டிருக்கலாமே? விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடின்னா அது சாதாரண விஷயம். ஆரம்பிச்ச பிறகு, தக்க கவனத்தோட இருந்தும் முன்கூட்டியே கேட்க முடியலைன்னு காட்டணும். விளம்புகை கேட்கக் காலவரம்பும் மூணே வருஷம். நண்பர் கேட்டப்பல்லாம் வந்த பதில், "பார்த்துக்கலாம்."

நீதிபதி இல்லை, ஸ்டெனோ இல்லை, அமீனா இல்லை, அதனாலதான் தாமதம்னு வக்கீல்கள் சொல்வாங்க. உண்மைதான், நான் மறுக்கலை. ஆனா பிராதை எழுதினது நீதிபதி இல்லையே? அது வக்கீல் ஆபீஸ்ல, வக்கீல் மேஜையில எழுதினது.

தாமதத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, 2002 ஜூலை 1 முதல், பதிலுரை 30 நாள்ல, மிஞ்சினா 90 நாள்ல தாக்கலாகணும், விசாரணையில ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கிடையாதுன்னு கொண்டு வந்தாங்க. எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனது யாரு? சேலம் வக்கீல் சங்கம். (1965 வரைக்கும் நாமளும் சேலம் ஜில்லாதானே, பெருமைப்பட்டுக்குவோம்.) 2005 ஆகஸ்ட்ல தீர்ப்பு. திருத்தங்கள் செல்லும், ஆனா 90 நாள் கட்டாயமில்லை, கைமீறின சூழ்நிலையில மூணு வாய்தாவைத் தாண்டலாம். அபூர்வமான வழக்குல மட்டும்னு கோர்ட் அழுத்தித்தான் சொன்னது. நம்ம ஊர்ல எல்லா வழக்கும் அபூர்வ வழக்கு ஆயிடுச்சு.

தொரப்பள்ளியில பிறந்த ராஜாஜி, சேலத்துல நல்லா ஓடிக்கிட்டிருந்த வக்கீல் தொழிலையே ஒத்துழையாமைக்காக விட்டார். நம்மாளுங்க ஒரு வாய்தாவை விட மாட்டேங்கறாங்க.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, 2015-ல வந்த வணிக நீதிமன்றச் சட்டத்துல பதிலுரைக்கு 120 நாள், அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் உரிமை போச்சு. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் கறாராச் சொல்லிடுச்சு. ஆக சிப்காட்ல ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிகிட்ட போல்ட்-நட் பாக்கி கேட்டா கெடு உண்டு. அந்தக் கம்பெனியில வேலை பார்த்து பிஎப் பணத்துல மனை வாங்கினவனுக்குக் கெடு கிடையாது. இதே வக்கீல்கள்தானே அங்கேயும் ஆஜராகறாங்க? அங்கே மட்டும் எப்படிங்க நேரத்துக்குத் தாக்கல் பண்ண முடியுது?

எல்லாரும் அப்படி இல்லை. கிருஷ்ணகிரியில ஒரு பெரியவர், மூலப்பத்திரத்துல இருந்து வில்லங்கம் வரைக்கும் தரையில பரப்பி வெச்சுப் படிப்பார். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பஹணியும் புரியும், இந்தப் பக்கத்து அடங்கலும் புரியும். மனையை நேர்ல போய்ப் பார்ப்பார். பாதிப் பேரை "கேஸ் போடாதே, உட்கார்ந்து பேசு"ன்னு திருப்பி அனுப்பிடுவார். அவர் ஆபீஸ்ல கூட்டமே இருக்காது. புரோக்கருக்கு ரெண்டு சதவீதம் சிரிச்சுக்கிட்டே கொடுக்கற நம்ம ஜனம், இவர் ஒப்பீனியனுக்கு மூவாயிரம் கேட்டா பேரம் பேசும். அதுவும் நடக்கத்தான் செய்யுது.

வழக்கு நடத்தறவங்களுக்கு ஒரு தகவல். உங்க வழக்கோட 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கி ஈகோர்ட்ஸ் தளத்துல போட்டா ஒவ்வொரு தேதியும், அன்னைக்கு என்ன ஆச்சுன்னும் வரும். நண்பருக்கு அதைக் காட்டினேன். எதிராளி வாங்கின வாய்தாவை விட அவர் வக்கீல் வாங்கினது ஜாஸ்தி.

"நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா"ன்னு கேட்டார். முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு 2024 மே 14 சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஒழுங்கீனம்னா பார் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம். கவனக்குறைவுக்கு நஷ்ட ஈடுன்னா சாதாரண சிவில் வழக்குதான் போடணும். அதே கோர்ட் வளாகத்துல, அதே வக்கீலோட தினமும் டீ குடிக்கற இன்னொரு வக்கீலைப் பிடிச்சு. கேட்கற தொகை முழுசுக்கும் 3 சதவீதம் கோர்ட் பீஸ் கட்டி.