வயலில் விளையும் காகிதம்

பள்ளி திறக்கும் நாள்களில் நம் இல்லங்களில் புதுக் குறிப்பேடுகளுக்கு அட்டை போடும் வேலை மும்முரமாக நடைபெறும். அந்தப் புதுத் தாளின் வாசனையை விரும்பாத குழந்தை இல்லை. ஆனால், அத்தாள் எந்த மண்ணில் விளைந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காட்டு மரத்திலிருந்து வந்தது என்றே பலரும் கருதுகிறோம். உண்மையில், நம் நாட்டு ஆலைகள் கூழாக்கும் மரத்தில் பெரும்பகுதி இன்று உழவரின் வயல்களிலிருந்தே செல்கிறது.

கடலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். "எங்களுக்கு இரண்டு ஏக்கர் மணற்பாங்கான புன்செய் உண்டு. மணிலா பயிரிட்டு வந்தோம். இப்போது களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கணவர் நோயுற்றிருக்கிறார், மகன் திருப்பூரில் வேலை செய்கிறான். நிலம் முழுவதும் சவுக்கு நட்டுவிட்டால் நான்காம் ஆண்டில் மகளின் திருமணத்திற்குப் பணம் வந்துவிடும் என்கிறார்கள். நடலாமா?" பல குடும்பங்களின் கேள்வி இதுவே என்பதால், இம்மாதம் இதனையே ஆராய்வோம்.

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பிய ஆலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளை உழவரோடு நேரடித் தொடர்பு கொண்டு விளைவித்துக்கொள்ள வேண்டும் என்றும், காட்டு மரத்தைச் சலுகை விலையில் பெறும் வழக்கம் நிற்க வேண்டும் என்றும் வகுத்தது. 1984-இல் கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு காகிதம் செய்யத் தொடங்கிய நம் கரூர் மாவட்டத்துக் காகித ஆலையும் பின்னர் உழவர் நிலங்களில் மரம் வளர்க்க முன்வந்தது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதியே கூழாகும். ஆதலால் ஆலையின் தேவை பெரிது.

இதற்கென நடப்படுபவற்றுள் சவுக்கு, தைலமரம், சவுண்டல், மலைவேம்பு ஆகியவை முக்கியமானவை. தைலமரம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆயினும் அடுத்த வயலின் ஓரப்பயிர் அதன் வேருக்கும் நிழலுக்கும் இரையாகும். மணற்பாங்கான கடலோரத்திற்கு ஏற்றது சவுக்கே. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு நாலாயிரம் கன்றுகள் பிடிக்கும். கன்று வேர்கொள்ளும் வரை நீர் ஊற்றிக் காக்க வேண்டும். முதலாண்டில் இடையே மணிலா விளைவிக்கலாம். சவுக்கிற்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஆலை வாங்காவிடில் சாரத்திற்கும் பந்தலுக்கும் விறகிற்கும் விற்கலாம். வாங்குவோர் பலராக இருப்பது விற்பவருக்கு வலிமை.

ஆனால், நட்ட மரமெல்லாம் பணமாகிவிடும் என்று நம்பிவிடலாகாது. 1980-களின் தொடக்கத்தில் அரியானா, பஞ்சாப், மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் உழவர்கள் தைலமரத்தைப் பெருமளவில் நட்டனர். எல்லாரும் ஒரே காலத்தில் வெட்டியபோது விலை சரிந்தது. அப்பத்தாண்டு முடியுமுன் பலர் மரங்களை வேரோடு பெயர்த்துவிட்டு மீண்டும் தானியத்திற்கே திரும்பினர். இயற்கையும் நம் கையில் இல்லை. 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை அங்குள்ளோர் மறவார். மணிலா ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவம் உண்டு. நான்காண்டு மரம் ஒரே இரவில் வீழ்ந்தால் நான்காண்டும் வீழ்ந்தவையே.

ஆகவே, சகோதரிக்கு நாம் கூறுவது இது. சவுக்கு நடுங்கள், ஆனால் நிலம் முழுவதும் நடாதீர்கள். ஓர் ஏக்கரில் நட்டு, மறு ஏக்கரை உணவுக்கும் ஆண்டுச் செலவுக்குமாக வைத்துக்கொள்ளுங்கள். இயன்றால் அந்த ஓர் ஏக்கரையும் ஈராண்டில் பாதி பாதியாக நடுங்கள். ஒரே ஆண்டின் விலைக்கு உங்கள் வாழ்வு கட்டுப்படாது. ஒப்பந்தம் செய்வதாயின் விலை எப்போது முடிவாகும், வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் யாருடையவை, பட்டையுடன் எடையா, உரித்த எடையா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வெட்டிய மரம் நாளுக்கு நாள் உலர்ந்து எடை குறையும். வண்டி வரத் தாமதித்தால் அந்த இழப்பு யாருடையது என்பதையும் முன்னரே பேசி முடியுங்கள். மகனையும் உடன் அமர்த்தி வாசிக்கச் செய்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

திருமண நாளை மரத்தை நம்பிக் குறிக்காதீர்கள். மரம் விற்ற பின் நாள் குறியுங்கள். முன்னரே கடன் வாங்கிவிட்டால், முற்றாத மரத்தை வந்த விலைக்கு வெட்ட நேரும். கடனும் முழுதாகத் தீராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் முழுவதும் மரமானால், களையெடுத்தும் மணிலா ஆய்ந்தும் பிழைத்த பெண்களுக்கு வேலை எங்கே? ஆள் கிடைக்கவில்லை என்று நாம் குறைகூறும் அதே ஊரில், வேலை கிடைக்கவில்லை என்று அழும் வீடும் இருக்கலாம். மறு ஏக்கரில் மணிலா தொடர்ந்தால், உங்கள் வீட்டு அடுப்போடு அயல்வீட்டு அடுப்பும் எரியும்.