வளாகத்துக்குள் வரட்டும் வள்ளிக் கும்மி

கொங்கு வட்டாரத்தின் வள்ளி ஒயில் கும்மியைக் காலமெல்லாம் கற்பித்துவரும் மேட்டுப்பாளையம் பகுதிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்களையும் ஆட்டத்துக்குள் அழைத்துவந்தவர் அவர். நாடு வணங்கிய இந்த மண்ணின் கலைகளுக்கு, இங்குள்ள உயர்கல்வி வளாகங்களில் நிலையான இடம் வேண்டாமா?

உள்ளூர்க் கலைஞர்களைக் கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்கச் செய்வதற்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2023இலேயே வெளியிட்டுவிட்டது. முன்னுதாரணமும் உண்டு. 1960களிலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியையும் அவர் தம்பி ரங்கநாதனையும் அழைத்துக் கற்பிக்க வைத்தது. பள்ளிப்படிப்பையே முடிக்காத எழுத்தாளர் கி.ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. அவரும் மாணவர்களும் சேர்ந்து திரட்டிய நாட்டுப்புறக் கதைகள் இன்று நம் சொத்து.

கொங்கு நாட்டுக் கதைப்பாடலான பொன்னர்–சங்கர் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவோர் அருகிவருகிறார்கள். அந்தக் கதையை 1965இல் காங்கேயம் பக்கம் வந்து ஒலிநாடாவில் பதிந்தவர் பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டு ஆய்வாளர். அப்படிப் பதிந்து காக்கும் பொறுப்பு நம்முடையது அல்லவா!

ஆண்டுவிழாவில் அரைமணி ஆடவிட்டுப் பொன்னாடை போர்த்துவது போதாது. கோவை பாரதியார் பல்கலைக்கழகம் முன்கை எடுக்க வேண்டும். கலைஞர்கள் ஒரு பருவம் முழுக்கத் தங்க அறை, மாதச் சம்பளம், மாணவர்களுக்கு மதிப்பெண்ணுள்ள பாடம், முழுமையான ஒலி-ஒளிப் பதிவு ஆகியவற்றுக்கு வரும் கல்வியாண்டின் நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்கட்டும். கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கப் பட்டச் சான்றிதழ் கேட்கக் கூடாது.