புற்றுநோய் போனது, சர்க்கரை வரலாமா?

பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் பழைய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. நாயக்க மன்னர்கள் காலத்தில், 1600-க்கும் 1634-க்கும் இடையே கட்டியது. உயரம் 36 அடி. 3,000 கலம் நெல் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு மரக்கால்கூட உள்ளே போகாது.

மனித உடம்பும் அப்படித்தான். உண்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள்தான் இன்சுலின். உள்ளே இடமில்லை என்றால்? ஆள் மூட்டையோடு வாசலில் நிற்பான். உடம்போ மேலும் மேலும் ஆள் அனுப்பும். ரத்தத்தில் இன்சுலின் பெருகிவிடும். இதை 'இன்சுலின் எதிர்ப்பு' என்கிறார்கள் டாக்டர்கள். சர்க்கரை வியாதி பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடா நாட்டு டொராண்டோ நகரில் 1921-ல் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதே நகரில், சர்க்கரை வியாதி இல்லாத 512 மார்பகப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் முடிவு வெளியிட்டார்கள். இன்சுலின் மிகுந்திருந்தவர்களுக்கு, குறைந்திருந்தவர்களைவிட நோய் வேறு உறுப்பில் தலைகாட்டும் ஆபத்து இரண்டு மடங்கு. சாவு மூன்று மடங்கு! இன்சுலின் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அலட்சியம் செய்யவும் முடியாது.

சிகிச்சையின்போது கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து சர்க்கரையை ஏற்றும். பலருக்கு மாதவிலக்கு முன்கூட்டியே நின்று, எடை கூடும். அதற்காக டாக்டர் தந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் நடப்பது என்ன? நடவு, களை என்று வயலில் குனிந்து நிமிர்ந்த பெண்ணைக் கட்டிலில் உட்கார வைக்கிறார்கள். "உடம்பு தேறட்டும்" என்று மூன்று வேளையும் சோறு. நடுவே ஹார்லிக்ஸ், பழச்சாறு. எல்லாம் அன்புதான். ஆனால் நிறைந்த களஞ்சியத்தில் மேலும் நெல்லைக் கொட்டுகிற அன்பு! அவள் தெருவில் நடந்தால், நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம் வேறு. நடந்தால்தானே தசையில் உள்ள சர்க்கரை செலவாகும்? டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினம் அரைமணி நேரம் நடக்கட்டும். துணைக்குக் கணவர் போகட்டும். தட்டில் சோறு குறைந்து, கீரையும் பயறும் மீனும் கூடட்டும்.

சர்க்கரை மாத்திரையை முன்கூட்டியே விழுங்கினால் போதாதா? அதையும் பார்த்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி இல்லாத 3,649 பெண்களை வைத்து 'மெட்ஃபார்மின்' மாத்திரையைச் சோதித்து, 2022-ல் முடிவு சொன்னார்கள். புற்றுநோய் திரும்புவதை அது தடுக்கவில்லை.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீடு தேடி மருந்து கொண்டுபோகும் திட்டம் தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கியது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் பெயர்களையும் ஊர்வாரியாக எழுதி, அதேபோல் தேடிப் போக வேண்டும். தழும்பைப் பார்க்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை மூன்றையும் பார்த்து, ஒரே நோட்டில் குறிக்க வேண்டும். இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. இதற்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. பாபநாசம் அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடலாம்.