ஜீனோவை இன்னும் எத்தனை நாள் காக்க வைப்பீர்கள்?

தமிழ்ப் படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு நெய்வேலியில் எங்கள் என்.எல்.சி. பழுப்பு நிலக்கரிச் சுரங்க வளாகத்தில் நடந்தது. நடிகர் விஜய் வண்டி மேல் ஏறி ரசிகர் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டதை ஊரே கொண்டாடியது. எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் நெய்வேலி வரை வந்த உங்களில் ஒருவர்கூட எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வரவில்லையே என்ற ஆதங்கம் இங்குள்ள வாசகர்களுக்கு உண்டு. புத்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில் இதைப் பற்றிப் பேசாமல் நாங்கள் வீடு திரும்புவதில்லை.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை அது. 2020களின் இந்தியாவை அன்றைக்கே கற்பனை செய்தது. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசு அனுமதி வேண்டும். நாட்டை ஆள்பவர் ஜீவா. காணாமல் போன கணவன் சிபியைத் தேடிப் புறப்படுகிறாள் நிலா. அவளுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய். புத்தகம் படிக்கும், யோசிக்கும், அவளுக்காகக் கவலைப்படும்.

இதைப் படமாக்க ஏகப்பட்ட கிராஃபிக்ஸ் வேண்டும், பட்ஜெட் தாங்காது என்று நீங்கள் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. தூர்தர்ஷன் அந்தக் காலத்திலேயே, கையில் இருந்ததை வைத்துக்கொண்டு, இதைத் தொடராக எடுத்துக் காட்டிவிட்டது. ஜீனோவின் உயிர் அதன் பேச்சில் இருக்கிறது. ஒரு நல்ல குரலும், அந்தக் குரலுக்கு எழுதத் தெரிந்த ஒருவரும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கதையின் பெரும்பகுதி அறைகளிலும் தாழ்வாரங்களிலும் நடக்கிற உரையாடல்தான்.

சுஜாதாவை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். 1986இல் 'விக்ரம்', 2010இல் 'எந்திரன்' என்று அவர் எழுத்தை நாடியிருக்கிறீர்கள். 'எந்திரன்' வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 2008 பிப்ரவரியிலேயே போய்விட்டார். ஆனால் அவருடைய நாவலை நாவலாக நம்பி நீங்கள் எடுத்தது எப்போது? 'ப்ரியா' நாவலின் லண்டனைப் படத்தில் சிங்கப்பூராக்கி, வக்கீல் கணேஷுக்குப் பாட்டு வைத்த பழக்கம் இன்னும் விடவில்லை. அவரிடமிருந்து இயந்திரத்தை எடுத்துக்கொண்டீர்கள். அந்த இயந்திரத்துக்குப் பின்னால் அவர் வைத்த பயத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பயம் எங்களுக்குப் புரியும். 1957இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தின் ஓரத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். மாடிக்கட்டட உயரத்துக்கு நிற்கும் பக்கெட் வீல் இயந்திரம் மண்ணை வெட்டி எடுக்க, கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைக்க வேண்டும். நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்து மேலே வரும். இந்த ஊர் கொடுத்த மின்சாரத்தில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது. அதற்காகச் சுற்றுப்புறக் கிராமங்கள் நிலத்தைக் கொடுத்தன. 2023 ஜூலையில் அப்படி ஒரு கிராமமான வளையமாதேவியில் நின்றுகொண்டிருந்த நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். உத்தரவு எங்கிருந்தோ வரும், இயந்திரம் வாசலுக்கு வந்து நிற்கும். அதனால்தான் நாவலில் ஜீவா என்ற ஆள் நிஜத்தில் இல்லை, வெறும் ஹோலோகிராம் பிம்பம்தான் என்று தெரியும் இடத்தை எங்களால் சும்மா புரட்டிக்கொண்டு போக முடியாது.

எங்களுக்குள்ளும் சண்டை உண்டு. ஒரே சினிமாவாக எடுத்தால் போதும் என்கிறார்கள் சிலர். என் கட்சி வேறு. அடுத்த பாகமான 'மீண்டும் ஜீனோ'வில்தான் நிலா ராணியாகி, பின்னால் இருப்பவர்கள் ஆட்டுவிக்கும் பொம்மையாக நிற்கிறாள். ஜீனோவும் அதில்தான் முழுசாக வளர்கிறது. இரண்டு நாவலையும் சேர்த்து இணையத் தொடராக எடுப்பதே நியாயம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேட்கிறேன். நிலாவுக்கு மேலே ஒரு கதாநாயகனைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அவளைக் காப்பாற்ற, நாவலில் நல்லவனாக இல்லாத ரவியை நல்லவனாக்கி, இடைவேளைக்கு முன்னால் சண்டை வைப்பதாக இருந்தால், தயவுசெய்து அந்தப் புத்தகத்தைத் தொடாதீர்கள். அதற்குப் பதில் நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நெய்வேலி நகரியத்திலிருந்து ஒரு வாசகர்