அம்மாவை நிறுத்தும் 'ஈசிஆர்', மகனைக் கேட்காத கவுன்டர்: விசா ஃப்ரீ பயணத்தில் நாம் கவனிக்காத விஷயம்

'இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், டிக்கெட் போட்டால் போதும்!' இந்த மாதிரி ஒரு ரீல்ஸாவது உங்கள் போனில் வந்திருக்கும். மலேசியா, தாய்லாந்து பெயர்கள் அதில் கட்டாயம் இருக்கும். சொல்வது பாதி உண்மை. விசா வேண்டாம் என்பது சரி. டிக்கெட் போட்டால் போதும் என்பதுதான் சரியில்லை.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு தருகிறது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்து 2023 நவம்பரில் 30 நாளுக்கு விலக்கு கொடுத்தது. 2024 ஜூலையில் அதை 60 நாளாக்கியது. இந்த நாள் கணக்கெல்லாம் அந்தந்த அரசு நினைத்தால் மாறும். அதனால் கிளம்பும் முன் அந்த நாட்டுத் தூதரக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால், இந்தக் கட்டுரை தேதிகளைப் பற்றியது மட்டும் இல்லை. விசா போனதும் சோதனையும் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை. தூதரகத்தில் இருந்த சோதனை விமான நிலைய கவுன்டருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த கவுன்டரில் நம் நாடு யாரை நிறுத்துகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

பெரணமல்லூரில் இருந்து பத்துமலைக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருவண்ணாமலை மாவட்டம், ஆரணி வட்டாரத்துப் பெரணமல்லூர். அப்பா, அம்மா இருவரும் பட்டு நெசவு. அப்பாவுக்கு 52 வயது, அம்மாவுக்கு 46. இருவரும் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். முதலாளியிடம் பாவும் பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து, வீட்டுத் தறியில் நெய்து கொடுத்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். மகள் சென்னையில் ஐடி வேலை. மகன் பி.இ. முடித்துவிட்டு வேலை தேடுகிறார்.

மகளுக்கு ஓர் ஆசை. கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகனை, அந்த 140 அடி சிலையை, அப்பா அம்மாவுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். விசா செலவு இல்லை, டிக்கெட்டும் ஆஃபரில் கிடைக்கிறது. 'அம்மா, நாலு நாள் போயிட்டு வந்துடலாம்' என்று போன் செய்கிறார்.

நம்மில் நிறைய பேர் வீட்டுக் கதை இதுதான். முதல் சம்பளத்தில் பெற்றோரைத் திருப்பதிக்கு அழைத்துப் போன தலைமுறை ஒன்று இருந்தது. இப்போது அது பத்துமலை வரை வந்திருக்கிறது.

விசா இல்லை, ஆனால் இவையெல்லாம் வேண்டும்

முதலில் நடைமுறையைப் பார்த்துவிடலாம்.

● பாஸ்போர்ட்: போய் இறங்கும் நாளில் இருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். நான்கு மாதம்தான் பாக்கி என்றால் விமான நிறுவனமே ஏற்றாது.

● டிஜிட்டல் வருகை அட்டை: மலேசியாவுக்கு 'எம்டாக்', 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். தாய்லாந்துக்கு 'டிடாக்', 2025 மே 1 முதல் கட்டாயம். இரண்டையும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் நீங்கள் வேறு ஏதோ தளத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

● திரும்பி வரும் டிக்கெட்: இதைச் சென்னையில் செக்-இன் கவுன்டரிலேயே கேட்பார்கள். அங்கே திருப்பி அனுப்பப்பட்டால் உங்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டிய பொறுப்பு அந்த விமான நிறுவனத்துடையது. அந்தக் கவலைதான் காரணம்.

● தங்குமிடம், பணம்: ஹோட்டல் பதிவு அல்லது தங்கப்போகும் உறவினர் முகவரி. செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம். நெசவாளி வீட்டில் சம்பளச் சீட்டு இருக்காது. பாஸ்புக் பிரின்ட், செலவை ஏற்கும் மகள் அல்லது மகனின் கடிதம், அவருடைய சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது உதவும்.

இத்தனையும் இருந்தாலும் உள்ளே விடுவது அந்த நாட்டு அதிகாரியின் முடிவு. மலேசியத் தமிழில் இமிகிரேஷனைக் 'குடிநுழைவு' என்பார்கள். பொருத்தமான சொல். அந்த கவுன்டரைத் தாண்டினால்தான் நுழைவு. பதிலில் திருப்தி இல்லை என்றால் 'நாட் டு லேண்ட்' என்று சொல்லி அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'எதற்கு வந்திருக்கிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள்' என்ற மூன்று கேள்விக்கும் அப்பா அம்மாவே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மகளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

ஈசிஆர் என்றால் மகாபலிபுரம் ரோடு இல்லை

சென்னைவாசிகளுக்கு ஈசிஆர் என்றால் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்றால் வேறு: 'எமிகிரேஷன் செக் ரிக்கொயர்டு'. அதாவது, இவர் வெளிநாட்டு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தில் இருந்து வருவது.

யாருக்கு இந்தக் குறிப்பு விழும்? பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்களுக்கு. பத்தாவது பாஸ் செய்திருந்தும் சான்றிதழ் கொடுக்காமல் விண்ணப்பித்தவர்களுக்கும் விழும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உட்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போவதென்றால், வேலை ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் காட்டி, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

சுற்றுலாவுக்கு இது தேவையில்லை. 2007 அக்டோபர் 1 முதல், வேலை தவிர்த்த பயணங்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட்காரர்கள் தனி அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதனால் நம் பெரணமல்லூர் அம்மா தாராளமாகப் பத்துமலைக்குப் போகலாம். 'ஈசிஆர் பாஸ்போர்ட்டா, அப்போ ஃபாரின் போகவே முடியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால், நடைமுறையில் அந்தக் குறிப்பு ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். 'டூர்னு சொல்லிட்டு வேலைக்குப் போறாங்களோ' என்ற கேள்வி இங்கேயே, நம் ஊர் இமிகிரேஷன் கவுன்டரிலேயே, கூடுதலாக எழலாம். திரும்பி வரும் டிக்கெட்டும் ஹோட்டல் பதிவும் அச்சுப் பிரதியாக அம்மா கையில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

இன்னொன்று. இந்தக் குறிப்பை நீக்கவும் வழி இருக்கிறது. 50 வயதைக் கடந்தவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், அவர்களுடைய கணவன் அல்லது மனைவி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இரண்டு ஆண்டு டிப்ளமா முடித்தவர்கள் என்று ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. 52 வயது அப்பா மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து ஈசிஆரை நீக்கிக்கொள்ளலாம். 46 வயது அம்மா இன்னும் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

மகனை யாரும் கேட்கவில்லை

இப்போது அதே வீட்டு மகனுக்கு வருவோம்.

பி.இ. முடித்தவர் என்பதால் அவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இல்லை. டெலிகிராமில் ஒரு வேலை விளம்பரம் பார்க்கிறார்: பாங்காக், டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், தங்குமிடம் இலவசம். ஏஜென்ட் சொல்கிறார், 'விசாவே வேண்டாம் தம்பி, டூரிஸ்ட்னு சொல்லிப் போங்க, அங்க போனதும் ஒர்க் பெர்மிட் போட்டுக்கலாம்.' மகன் கவுன்டரைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். இன்ஜினீயர், ஆங்கிலம் பேசுகிறார், ஈசிஆர் இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

இதற்குப் பிறகு நடப்பது கற்பனை இல்லை. 2022-லேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டி, ஐடி திறன் உள்ள இளைஞர்களைக் குறிவைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வேலை வாங்குகிறார்கள் என்று. தாய்லாந்தின் மே சோட் நகரத்துக்கும் மியான்மரின் மியாவாடிக்கும் நடுவே ஓர் ஆறுதான். அதைத் தாண்டிய நொடியில் அந்த இளைஞர், முறையான ஆவணம் இல்லாமல் இன்னொரு நாட்டுக்குள் நுழைந்தவர் ஆகிவிடுகிறார். 2025 மார்ச் 10, 11 ஆகிய இரண்டே நாளில், அங்கிருந்து விடுவிக்கப்பட்ட 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மே சோட்டில் இருந்து அழைத்து வந்தன.

கவனியுங்கள். இந்த வலை விரிக்கப்பட்டது பத்தாவது படிக்காதவர்களுக்கு இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கு. நம் சட்டம் 'இவருக்குப் பாதுகாப்பு தேவையில்லை' என்று முடிவு செய்து வைத்திருக்கும் அதே பிள்ளைகளுக்கு.

ஒரே வீடு. நாலு நாளில் ஊர் திரும்பப் போகும் அம்மாவிடம் கேள்வி. திரும்பி வருவாரா என்றே தெரியாத மகனிடம் கேள்வியே இல்லை. 1983-ல் கொத்தனார்களும் வீட்டு வேலைக்குப் போன பெண்களும் வளைகுடாவில் ஏமாற்றப்படுவதைத் தடுக்க எழுதிய விதி, அன்றைக்கு நியாயமாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அது படிப்பை வைத்து ஆளை எடைபோடுகிறது. போகிற வேலை எப்படிப்பட்டது என்று பார்க்கவில்லை.

அப்படியென்றால் எல்லோரையும் நிறுத்த வேண்டுமா?

நியாயமான எதிர்க்கேள்வி. இதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. ஈசிஆர் இல்லாதவர்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் ஆன்லைனில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2018 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு முன் பதிவு செய்யாவிட்டால் விமானத்தில் ஏற முடியாது என்றது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதக் கடைசியில் நிறுத்தி வைத்தார்கள். விரும்பினால் பதிவு செய்யலாம் என்ற அளவில் நின்றது.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. பதிவு செய்ய மறந்தவரைக் கடைசி நேரத்தில் விமான நிலையத்தில் நிறுத்துவது தண்டனை, பாதுகாப்பு இல்லை. ஆனால் பதிவு என்ற யோசனையே தவறில்லை. வேலை தரும் நிறுவனம் உண்மையா, ஏஜென்ட் லைசென்ஸ் பெற்றவரா என்று போனிலேயே பத்து நிமிடத்தில் சரிபார்த்துச் சொல்லும் பதிவாக அது இருந்தால், படித்தவர், படிக்காதவர் யாருக்கும் அது பாரமாக இருக்காது. 1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா ஒன்றின் வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. பாஸ்போர்ட்டில் விழும் குறிப்பைவிட வேலை ஒப்பந்தத்தைப் பார்க்கும் முறையை அந்தப் புதிய சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

மாநில அரசு செய்யக்கூடிய சின்ன வேலையும் உண்டு. அயலகத் தமிழர் நலத் துறை இருக்கிறது. அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ல் இருந்தே இயங்குகிறது. 'டூரிஸ்டாக நுழைந்து வேலை செய்ய முடியாது' என்ற ஒரே வரியைப் பெரிய எழுத்தில், தமிழில், பாஸ்போர்ட் சேவா கேந்திரங்களிலும் கல்லூரி வேலைவாய்ப்பு மையங்களிலும் ஒட்டினாலே பல வீடுகள் தப்பிக்கும். இந்த எச்சரிக்கை சென்னையில் இருப்பவர்களைவிட, பெரணமல்லூர் மாதிரி ஊரில் முதல் தலைமுறைப் பட்டதாரியாக வேலை தேடும் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை.

இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது

சுற்றுலா போகிறீர்களா? வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் பாக்கி, ஈசிஆர் இருக்கிறதா, நீக்கத் தகுதி உண்டா என்று பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

வேலைக்குப் போகிறீர்களா? மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் அந்த ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். வேலை விசா இல்லாமல், 'முதலில் டூரிஸ்டாகப் போங்க' என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், மாமா பையனாகவே இருந்தாலும், அந்த வேலை வேண்டாம்.

உங்கள் தம்பியோ நண்பனோ 'விசா ஃப்ரீ மச்சி, அடுத்த வாரம் பாங்காக்ல ஜாயினிங்' என்று மெசேஜ் போட்டால், வாழ்த்து சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஒர்க் விசா எங்கே?' கவுன்டரில் யாரும் கேட்கப் போவதில்லை. நாமாவது கேட்போம்.