பரிசோதனை முடிவை யாருக்குச் சொல்லுவது?

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து மக்கள் 2018-ம் வருஷம் டிசம்பர் மாதத்தை அவ்வளவு சீக்கிரத்தில் மறந்திருக்கமாட்டார்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்த வேண்டியது நமது கடமையென்று கருதியே இதை எழுதுகின்றோம்.

சங்கதி இதுதான். ஒரு வாலிபர் நவம்பர் 30-ந் தேதி தம் உறவினர் ஒருவருக்காகச் சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தார். அது டிசம்பர் 3-ந் தேதி சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தசோகையோடிருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. வாலிபரோ, வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில்தான் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தம் மானத்தைப் பாராமல், அந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றவேண்டாமென்று ஆஸ்பத்திரிக்குத் தாமாகவே தெரிவித்தார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது.

இதிலும் கொடிய விஷயம் ஒன்று பிறகு வெளிவந்தது. இதே வாலிபர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே தொற்று தெரிந்து, அந்த ரத்தம் ஒதுக்கப்பட்டும் விட்டது. கொடுத்தவருக்கு மாத்திரம் சேதி போய்ச் சேரவில்லை! இரண்டு வருஷகாலம் அவருடைய உடம்பின் சங்கதி காகிதத்துக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இரண்டாந்தரம் கை நீட்டியிருப்பாரா என்று கேட்கின்றோம்.

ரத்தத்தைப் பரிசோதித்ததில் நடந்த கவலைக்குறைவைப்பற்றி எல்லோரும் பேசினார்கள். பரிசோதனைக்கூட ஊழியர்கள்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. 2019-ல் மதுரை ஐகோர்ட் அப்பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. ஆனால், சொல்லாமல் விட்ட குற்றத்தைப்பற்றிப் பேசியவர் மிகச் சிலரே.

முடிவைச் சொல்லுவது டாக்டர் வேலை, எங்கள் வேலையல்ல என்பார்கள் பரிசோதனைக்கூடத்தார். நோயாளி விஷயத்தில் இதை ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். ரத்தம் கொடுத்தவருக்கு ஏது டாக்டர்? அவர் பிஸ்கட்டும் பழரசமும் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறவர். ரத்த வங்கி சொல்லாவிட்டால் அவருக்கு வேறு யார் சொல்லுவார்கள்?

இன்னொரு சாக்கு, ரகசியம். எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமுலில் இருக்கிறது. ஒருவருடைய முடிவை அவர் சம்மதமில்லாமல் பிறருக்கு வெளியிடக்கூடாது என்பது அதன் கருத்து. உரியவருக்கே மறைக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

நிற்க, சொல்லுகிற மாதிரியையும் கவனிக்க வேண்டும். சீட்டு முழுவதும் இங்கிலீஷ். 'பாசிட்டிவ்' என்றால் நல்லது, 'நெகட்டிவ்' என்றால் கெட்டது என்று நினைத்துக்கொண்டு வீடு போகிறவர்கள் எத்தனையோ பேர். 'ரியாக்டிவ்' என்ற வார்த்தையைப் பார்த்தவர் எதை நினைப்பார் என்று நமக்கே விளங்கவில்லை. ஜோசியன் பொய்யைத்தான் சொல்லுகிறான் என்றாலும் தமிழில் சொல்லுகிறான். அதனால்தான் அவன் பிழைக்கிறான். மெய்யைக் கையில் வைத்திருக்கிறவர்கள் அதை மந்திரத்தைப்போல் புரியாத பாஷையில் வைத்திருப்பானேன்?

இத்தனைக்கும் இந்தியாவில் இந்நோய் இருப்பது முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது நம் நாட்டில்தான். 1986-ல் சென்னையில் செல்லப்பன் நிர்மலா என்ற அம்மையார் சேகரித்த ரத்தம் வேலூரில் பரிசோதிக்கப்பட்டு அது வெளியாயிற்று. கண்டுபிடிக்கிற திறமை நமக்கு அன்றைக்கே இருந்தது.

சொல்லுவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. ஆளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். முதல் பரிசோதனை சலித்தெடுப்பது மாத்திரமே, அது தப்பாகவும் இருக்கலாம், ஆகவே நம்பிக்கை மையத்தில் மறுபடியும் பார்த்துத்தான் முடிவு கட்டவேண்டும் என்று சொல்ல வேண்டும். தொற்று புதிதாயிருந்தால் சில வாரம்வரை பரிசோதனையில் அகப்படாமலிருக்கலாம் என்பதையும் மறைக்கக்கூடாது. மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், தவறாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப்போல் ஆயுளோடு வாழலாம் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கால்மணி நேரத்துக்குமேல் பிடிக்காது.

இந்தக் கால்மணி நேரத்தின் யோக்கியதை என்ன என்பதற்கு அதே சம்பவத்திலேயே ருஜு இருக்கிறது. அந்தத் தாய்க்கு விஷயம் தெரிவிக்கப்பட்டு மருந்தும் கொடுக்கப்பட்டது. 2019 ஜனவரி 17-ந் தேதி மதுரையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. வாலிபரோ, பத்திரிகைகளும் ஊராரும் தம்மைப்பற்றியே பேசிக்கொண்டிருந்த நாட்களில் தற்கொலைக்கு முயன்று, டிசம்பர் 30-ந் தேதி அதே மதுரையில் இறந்துபோனார். நோய் அவரைக் கொல்லவில்லை. இதில் பரிசோதனைக்கூடத்துக்கு மாத்திரமல்ல, கிருமியை ஒழுக்கக்கேடென்றே பேசிப் பழகிய நமக்கும் பங்குண்டு.

நமது வட்டாரம் பட்டாசு வட்டாரம். எந்த நேரத்தில் எந்தக் கொட்டகை வெடிக்குமோ, யாருக்கு ரத்தம் வேண்டியிருக்குமோ தெரியாது. பயந்து ரத்தம் கொடாமலிருக்க நமக்கு வழியில்லை. ஆகையால் தோழர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். கொடுக்கும்போது நிரப்பச் சொல்லுகிற பாரத்தில், பரிசோதனையில் குறை தெரிந்தால் உமக்குத் தெரிவிக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். முகாமில் வரிசையில் நிற்கும் பையன்கள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு 'ஆம்' என்று எழுதி, சரியான விலாசமும் டெலிபோன் நம்பரும் கொடுங்கள். பத்து நாள் கழித்து நீங்களே போய், என் ரத்தத்தில் என்ன பார்த்தீர்கள், தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.