கேள்வியோடு தேடுவோம்

நுழையும்முன்

திறன்பேசியும் கணினியும் நூலகமாகவும் கணக்கேடாகவும் நில வரைபடமாகவும் பயன்பட வல்லவை. ஆயினும், அவற்றின் பயன்களுள் சிறு பகுதியையே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். வடசென்னையின் துறைமுகத் தொழிற்பகுதியைச் சான்றாகக் கொண்டு, அன்றாட இணையக் கருவிகளை எவ்வாறு முழுமையாகப் பயன்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியன கடலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடைப்பட்ட ஊர்கள். தெற்கே சென்னைத் துறைமுகம். வடக்கே காமராசர் துறைமுகம். மேற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இங்கு வாழ்வோர்க்குக் கடலின் நிலை, காற்றின் தூய்மை, நிலத்தின் எல்லை ஆகியவற்றைப் பற்றிய செய்திகள் நாள்தோறும் தேவைப்படுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாமோ, திறன்பேசிக்குத் தாமாக வந்து சேர்பவற்றைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். வருவதைப் பார்ப்பது பொழுதுபோக்கு. வேண்டியதைத் தேடிப் பெற்றுச் சரிபார்ப்பது கல்வி. இவ்விரண்டாம் பழக்கம் இப்பகுதி மக்களின் வாழ்வையும் உயிரையும் காக்கவல்லது என்பதே என் கருத்து.

கடலறிவும் கணிப்பறிவும்

காசிமேட்டு மீனவர்கள் கடலுக்குச் செல்லுமுன் காற்றையும் நீரோட்டத்தையும் நோக்குவர். வாடை, கொண்டல், கச்சான் என அவர்கள் காற்றுக்கு வழங்கும் பெயர்கள் பல தலைமுறைப் பட்டறிவில் விளைந்தவை. அவ்வறிவோடு இன்று மற்றொன்றும் சேர்ந்துள்ளது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது. கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் வழி அறிந்து, மீன்கள் மிகுதியாக இருக்கக்கூடிய பகுதிகளையும் அறிவிக்கிறது. நுண்பாசிகள் பெருகும் இடத்தில் அவற்றை உண்ணும் சிற்றுயிர்கள் கூடும். அவற்றை நாடி மீன்கள் வரும் என்பதே இக்கணிப்பின் அடிப்படை.

இத்தகைய முன்னறிவிப்பு பரந்த கடற்பகுதிக்கு உரியது. படகு இறங்கும் கரையில் அலை எங்கே உடைகிறது என்பதை அறிய மூத்த மீனவரின் கண் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுப்பவரே கருவியின் முழுப்பயனைப் பெறுகிறார்.

ஒரு சொல்லின் வேறுபாடு

தேடுபொறி முதலில் காட்டும் விடை சரியான விடையாக இருக்க வேண்டியதில்லை. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தைச் சிலர் 'இந்தியாவின் முதல் இரயில் நிலையம்' என்று எழுதுகின்றனர். வேறு சிலர் 'தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம்' என்கின்றனர். பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே 1853இலேயே பயணியர் இரயில் ஓடியது என்னும் செய்தியைத் தேடி அறிந்தால், பின்னதே பொருந்தும் என்பது விளங்கும். 'தென்' என்னும் ஒரு சொல் விடுபட்டதால் வரலாறே மாறிவிடுகிறது. கேட்டவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இவ்வாறே சரிபார்த்தல் வேண்டும். தெளிந்த நடையில் எழுதப்பட்டிருப்பது ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது.

தெரிந்து தெளிவோம்

• தொடரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடினால், அத்தொடர் அப்படியே இடம்பெறும் பக்கங்களைத் தேடுபொறி காட்டும்.
• ஒரே செய்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினால் வெவ்வேறு சான்றுகள் கிடைக்கும்.
• செய்தி வெளியான நாளையும் வெளியிட்டவரையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

எண்களைத் தொகுத்தல்

மணலியிலும் இராயபுரத்திலும் காற்றின் தரத்தை அளக்கும் தானியங்கி நிலையங்கள் உள்ளன. அவற்றின் அளவீடுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் காணலாம். ஒரு நாளின் எண்ணைக் கண்டு அஞ்சுவதாலோ ஆறுதல் கொள்வதாலோ பயனில்லை. நாள், அளவு, காற்றின் திசை என மூன்று பத்திகள் கொண்ட விரிதாளில் 30 நாள்கள் பதிவு செய்து பாருங்கள். பின்னர் அவற்றைக் காற்றின் திசைப்படி வரிசைப்படுத்தினால், எத்திசையிலிருந்து காற்று வீசும்போது மாசு மிகுகிறது என்பது புலப்படத் தொடங்கும். கடைக் கணக்கு எழுதப் பயன்படும் அதே விரிதாள் இங்கே ஆய்வுக் கருவியாகிறது.

எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதும் இன்றியமையாதது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் ஆகிய அளவுள்ள நுண்துகள்களுக்கு, இந்தியா வகுத்துள்ள 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் பரிந்துரைத்த அளவோ 15 மைக்ரோகிராம். ஒரே காற்று ஓர் அளவுகோலின்படி ஏற்கத்தக்கதாகவும் மற்றொன்றின்படி தீங்கானதாகவும் அமையலாம்.

இரு வரைபடங்கள்

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்நிலங்கள், 1996இல் ஒன்றிய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் பாதுகாக்கப்பட வேண்டியவையாகக் குறிக்கப்பட்டிருந்தன. 2017இல் வெளிச்சத்துக்கு வந்த மற்றொரு வரைபடத்தில் அவை விடுபட்டிருந்தன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற ஆவணங்களை ஒப்பிட்டே மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் இவ்வேறுபாட்டை வெளிப்படுத்தினர். 'எங்கள் ஆறு சுருங்கிவிட்டது' என்னும் முறையீட்டுக்கு ஆவணம் வலுச்சேர்த்தது. கூகுள் எர்த்தில் ஓர் இடத்தின் முந்தைய ஆண்டுப் படங்களைக் காணும் வசதியும் உள்ளது. அதன் துணையால் தம் ஊரின் ஏரியும் ஆறும் அடைந்த மாற்றத்தை மாணவர் எவரும் கண்டறியலாம்.

இடர் வருமுன்

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய வேளையில் புலனத்தில் வரும் உறுதிசெய்யப்படாத செய்தி மக்களைத் தவறான திசையில் ஓடச் செய்யலாம். காற்று வீசும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகிச் செல்லுதல் வேண்டும். திறன்பேசியின் வானிலைச் செயலி காற்றின் திசையைக் காட்டும் என்பதையும், அரசின் எச்சரிக்கை எங்கே வெளியாகும் என்பதையும் முன்னரே அறிந்தவருக்கே அந்நேரத்தில் அவை உதவும். இடர் வந்தபின் கருவியைக் கற்கக் காலம் இராது.

திறன்பேசி மாணவரின் கவனத்தைச் சிதைக்கிறது என்பாரும் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும், கருவியை விலக்கி வைப்பதால் மட்டும் அக்குறை தீராது. அதனை நாடும் நோக்கம் மாறுதல் வேண்டும். சொந்தத் திறன்பேசி இல்லாதவர்க்கும் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் பொது நூலகமும் வாயில்களாக உள்ளன. தம் ஊரைப் பற்றிய ஒரு கேள்வியைத் தேர்ந்து, விடையைத் தேடி, இரண்டு சான்றுகளோடு ஒப்பிட்டு, கண்டதைத் தமிழில் எழுதி வைக்கும் மாணவர், நாளை தம் ஊருக்காகச் சான்றோடு பேசும் குடிமக்களாக விளங்குவர்.